விடிய விடிய ஓடும் கணினிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்துவிட்டால் மின் சிக்கனம் பற்றி நாளிதழ்களில் நிறைய எழுதுகிறார்கள். ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள், ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள், குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுங்கள் என்று படிக்கிறோம். எல்லாமே சரியான யோசனைகள்தான், எங்கள் வீட்டிலும் கடைப்பிடிக்கிறோம். ஆனால் ஒரு சாமானைப் பற்றி மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வெளியூரில் இருக்கும்போது எடுத்துப் பார்க்க வேண்டுமே என்பதற்காக இரவும் பகலும் அணைக்காமல் விட்டிருக்கும் வீட்டுக் கணினியைத்தான் சொல்கிறேன். அதை ஓடவிடத் தேவையே இல்லை. தூங்கவைத்துவிட்டு, வேண்டும்போது வெளியூரிலிருந்தே எழுப்பிக்கொள்ளலாம். அதற்கான வசதி பெரும்பாலான மேசைக் கணினிகளில் வாங்கும்போதே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கரூரில் வரி ஆலோசகர். வீட்டின் முன்னறைதான் என் அலுவலகம். கொசுவலை நெய்கிறவர்கள், ஏற்றுமதிக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுப்பவர்கள், பஸ் பாடி பட்டறைகளுக்கு உதிரி சாமான் போடுகிறவர்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சிறு தொழில்காரர்கள். அவர்களுடைய கணக்கு மொத்தமும் என் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரே கணினியில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. மாதம் 11-ஆம் தேதிக்குள் ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20-ஆம் தேதிக்குள் இன்னொன்று போட வேண்டும். அம்மா இருப்பது முசிறியில். அவருக்கு உடம்பு முடியாமல் போகும்போதெல்லாம் குளித்தலை போய், காவிரிப் பாலம் தாண்டிப் போய்விடுவேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் யாராவது கூப்பிடுவார்கள். "அக்கா, பேங்க்ல லெட்ஜர் கேக்குறாங்க, இன்னிக்கே வேணுமாம்." கணக்கு கரூரில் இருக்கிறது, நான் முசிறியில் இருக்கிறேன். அந்தக் கணினியை அங்கிருந்தே திறக்க முடிந்தால்தான் என் தொழில் நடக்கும்.

இதே நிலையில் இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆடிட்டர் அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள், டிசைனிங் செய்கிறவர்கள், 2020-இல் கொரோனா வந்தபோது வீட்டிலிருந்து வேலை பார்க்கப் பழகி அப்படியே தொடர்பவர்கள், மகன் ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீட்டுக் கணினியில் உள்ள பாடக்குறிப்பை எடுக்கும் குடும்பங்கள். எல்லோருக்கும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான். கணினியை வெளியூரிலிருந்து திறந்து பார்க்க உதவும் ரிமோட் மென்பொருள் போட்டுத் தந்த கடையில் எனக்கும் அதையே சொன்னார்கள். "சிஸ்டத்த ஆன்லயே விட்டுடுங்க மேடம், மானிட்டர மட்டும் ஆஃப் பண்ணுங்க, போதும்."

மானிட்டரை அணைத்தால் போதாது. பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி என் கணினியை அளந்தேன். மானிட்டரை அணைத்த பிறகும், எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே அந்தப் பெட்டி 55 வாட்டைச் சுற்றி இழுக்கிறது. ஸ்லீப் நிலையில் போட்டால் 2 வாட். ஷட் டவுன் செய்தாலும் 1 வாட் அளவுக்குக் காட்டுகிறது. அந்த ஒரு வாட் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது.

55 வாட் என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். மிக்ஸி இழுப்பது அதைப் போலப் பல மடங்கு. ஆனால் மிக்ஸி சில நிமிடம் ஓடி நின்றுவிடும், இது நிற்பதே இல்லை. 55 வாட் வீதம் 24 மணி நேரமும் 60 நாள் ஓடினால் 79 யூனிட். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இலிருந்து கொடுக்கிறார்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஒரு பெட்டி தனியாக விழுங்கிவிடும். நான் உண்மையாகவே அதன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வது நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 16 மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டாலும் 53 யூனிட் வருகிறது.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதைப் பில்லிலும் வைத்துப் பார்த்தேன். நம் ஊர்க் கட்டண முறையில் 500 யூனிட் என்பது ஒரு முக்கியமான வரம்பு. அதற்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சலுகை விலை. 500-க்கு மேல் ஒரு யூனிட் போனாலும் அந்தச் சலுகை போய்விடும், மேலே வரும் யூனிட்டுகளுக்கும் விலை கூடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் பார்த்தால், 540 யூனிட் ஓடிய வீட்டுக்கு ரூ.2,270. மேலே சொன்ன 53 யூனிட்டில், தூங்கும்போது இழுப்பதற்கும் பிறகு சொல்லப்போகும் ஒரு சின்னக் கருவிக்கும் நான்கு யூனிட் கழித்தால் மிச்சம் 49. அதே வீட்டில் இந்த 49 யூனிட் குறைந்து 491 ஆனால் ரூ.1,671. ஏறத்தாழ ரூ.600 வித்தியாசம். அதற்குப் பிறகு கட்டணம் இன்னும் ஏறித்தான் இருக்கிறது. கோடையில் ஒரு ஏ.சி. ஓடினாலே சாதாரண வீடுகள் இந்த வரம்பைத் தொட்டுவிடுகின்றன. அந்த நேரத்தில் யாரும் பார்க்காத ஒரு கணினியே வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

சரி, இப்போது அந்த ஒரு வாட் விஷயத்துக்கு வருகிறேன். கணினியை ஷட் டவுன் செய்தாலோ ஸ்லீப்பில் போட்டாலோ அது முழுக்க இறந்துவிடுவதில்லை. பவர் சப்ளை ஒரு சின்ன ஐந்து வோல்ட் மின்சாரத்தைக் கணினியின் முக்கியப் பலகையான மதர்போர்டுக்கு விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை வைத்துக்கொண்டு லேன் கேபிள் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டு விழித்திருக்க முடியும். அதற்கென்று ஒரு குறிப்பிட்ட செய்தி கேபிள் வழியாக வந்தால், கார்டு மதர்போர்டுக்குத் தகவல் கொடுக்கும், கணினி எழுந்துவிடும். இதற்கு வேக்-ஆன்-லேன் என்று பெயர். அந்தச் செய்தியை மேஜிக் பேக்கெட் என்கிறார்கள். 1995-இலேயே ஏ.எம்.டி. நிறுவனம் இதற்கான தொழில்நுட்பக் குறிப்பை வெளியிட்டுவிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஐ.பி.எம்., இன்டெல் நிறுவனங்கள் சேர்ந்து அலுவலகக் கணினிகளில் கொண்டுவந்தன. ராத்திரியில் நூற்றுக்கணக்கான கணினிகளை எழுப்பி, மென்பொருள் புதுப்பித்து, மறுபடி அணைப்பதுதான் அப்போதைய நோக்கம். அதாவது முப்பது வருடப் பழைய வசதி. இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அந்தச் செய்தியின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் மேக் முகவரி என்று ஆறு பைட் நீளமுள்ள ஒரு அடையாள எண் உண்டு. மேஜிக் பேக்கெட்டில் முதலில் 255 என்ற எண் ஆறு முறை வரும். அதற்குப் பின்னால் அந்தக் கணினியின் மேக் முகவரி பதினாறு முறை தொடர்ந்து வரும். மொத்தம் 102 பைட், அவ்வளவுதான். திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா தெருவில் என்ன சத்தம் கேட்டாலும் அசையாமல் இருந்து, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எழுந்திருப்பாரே, அதே மாதிரி. பதினாறு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒழிய அது எழாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு கணினியும் தவறி எழாது.

இதைச் செயல்படுத்த மூன்று நான்கு இடங்களில் கை வைக்க வேண்டும். கடைக்காரர்கள் கவனிக்காமல் விடுவதும் இங்கேதான் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். முதலில் பயாஸ், அதாவது கணினியை ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை. அங்கே வேக்-ஆன்-லேன் என்றோ, பி.சி.ஐ. வழியாக எழுப்புதல் என்ற பொருளிலோ ஒரு வரி இருக்கும், அதை இயக்க வேண்டும். அதன் அருகிலேயே ஈ.ஆர்.பி. என்று இன்னொன்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் ஒரு விதி போட்டு, அணைத்த நிலையில் சாதனங்கள் இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைத்தது. 2013-இலிருந்து அந்த வரம்பு அரை வாட். அந்த விதிக்காக மதர்போர்டுகளில் வந்த ஏற்பாடுதான் ஈ.ஆர்.பி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை இயக்கிவிட்டால் நெட்வொர்க் கார்டுக்குப் போகும் அந்தச் சொட்டு மின்சாரமும் நின்றுவிடும், கணினியை வெளியிலிருந்து எழுப்ப முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தொலைவிலிருந்து கணினி வேண்டும் என்கிறவர்கள் அந்த அரை வாட்டை விட்டுக்கொடுத்து 55 வாட்டை மிச்சப்படுத்தலாம்.

அப்புறம் விண்டோஸ். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம் இருக்கும். இந்தக் கருவி கணினியை எழுப்பலாம் என்பதை டிக் செய்ய வேண்டும். மேஜிக் பேக்கெட் வந்தால் மட்டும் எழுப்பலாம் என்பதையும் சேர்த்து டிக் செய்ய வேண்டும். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் வீட்டு நெட்வொர்க்கில் போகிற வருகிற வேறு செய்திகளுக்கும் கணினி எழுந்துகொள்ளும். காலையில் பார்த்தால் ராத்திரி முழுக்க ஓடியிருக்கும், மிச்சம் பிடித்ததெல்லாம் போயிருக்கும். விண்டோஸில் வேகமாகத் துவங்குவதற்கென்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் செய்த கணினியை எழுப்ப நினைத்தால் அது பல கணினிகளில் குறுக்கே நிற்கும். நான் அதை நிறுத்திவிட்டேன். மேலும் ஷட் டவுன் செய்வதில்லை, ஸ்லீப்தான். இரண்டுக்கும் இடையே என் மீட்டரில் ஒரு வாட்தான் வித்தியாசம். ஸ்லீப்பில் இருந்தால் டேலி விட்ட இடத்திலேயே திறந்திருக்கும், எழுவதும் சில நொடியில் முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித் தரவில்லை. வெளியிலிருந்து எழுப்பப்பட்ட கணினியின் முன்னால் ஆள் யாரும் இல்லை என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் இரண்டு நிமிடம் வரை யாரும் உள்ளே நுழையாவிட்டால் மறுபடி தூங்கிவிடும். எழுப்பினேன், வரவில்லை என்று பலர் கைவிடுவதற்கு இது ஒரு காரணம். கணினி எழுந்துதான் இருக்கும், நாம் நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் திரும்பப் படுத்திருக்கும். எழுப்பிய கையோடு உள்ளே நுழைந்துவிட வேண்டும்.

வைஃபையை நம்பி இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. வைஃபை வழியாக எழுப்பும் வசதி சில கார்டுகளில் உண்டு, பலவற்றில் சரியாக வேலை செய்வதில்லை. பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கிச் சுவரோரமாக ஆணி அடித்து ரூட்டர் வரை இழுத்துவிட்டால் கவலையில்லை.

வீட்டுக்குள்ளேயே இருந்து எழுப்புவது சுலபம். கைபேசியில் ஒரு செயலி போட்டு, மேக் முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. முசிறியிலிருந்து எழுப்புவதுதான் சிக்கல். மேஜிக் பேக்கெட் என்பது ஒரே நெட்வொர்க்குக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி போடும் சத்தம். ரூட்டரைத் தாண்டி உள்ளே போகாது. அதோடு, இங்கே வீட்டு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் பல நிறுவனங்கள் பழைய முறை இணைய முகவரி ஒன்றையே பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. முகவரிகள் பற்றாக்குறை, அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் அதனால் வெளியிலிருந்து நேராக நம் ரூட்டரைத் தட்டவே வழியில்லாமல் போகிறது.

இதற்கு வழி, வீட்டுக்குள் மிகக் குறைவாக மின்சாரம் இழுக்கும் ஒரு சின்னக் கருவியை மட்டும் விழித்திருக்க வைப்பது. ரூட்டர் எப்படியும் எந்நேரமும் ஓடுகிறது, அதிலேயே இந்த வசதி இருந்தால் வேறு எதுவுமே வேண்டாம். ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற மென்பொருள் போட்ட ரூட்டர்களில் இதைச் செய்யலாம். என் ரூட்டர் இணைப்பு கொடுத்தவர்கள் தந்தது, அதில் எதையும் மாற்ற விடமாட்டார்கள். அதனால் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 என்ற சின்ன போர்டு ஒன்றை வாங்கி, பழைய கைபேசி சார்ஜரில் மாட்டி, ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆறரை சென்டிமீட்டர் நீளம், சும்மா இருக்கும்போது ஒரு வாட்டைச் சுற்றித்தான் இழுக்கிறது. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட் போதும். முசிறியிலிருந்து நான் முதலில் அந்த போர்டுக்குள் நுழைவேன். ஒரு கட்டளை கொடுத்தால் அது வீட்டுக்குள் மேஜிக் பேக்கெட்டை அனுப்பும், கணினி எழும், ரிமோட் மென்பொருளில் நுழைந்து லெட்ஜரை பி.டி.எஃப். எடுத்து அனுப்பிவிட்டு, மறுபடி ஸ்லீப்பில் போட்டுவிடுவேன். இதையெல்லாம் போட்டுத் தந்தது பாலிடெக்னிக் படிக்கும் என் தம்பி மகன். ஒரு மாலை நேரத்து வேலை அது.

போர்டு வாங்க விருப்பமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. எனிடெஸ்க், டீம்வியூவர் என்ற ரிமோட் மென்பொருள்கள் இரண்டிலும் எழுப்பும் வசதி இருக்கிறது. ஒரே வீட்டு நெட்வொர்க்கில் அதே மென்பொருள் உள்ள இன்னொரு கருவி விழித்திருந்தால் அதன் மூலம் தூங்குகிற கணினியை எழுப்பலாம். வீட்டில் ஏற்கெனவே எந்நேரமும் ஓடும் கருவி ஏதாவது இருந்தால் முதலில் இதைப் பார்க்கலாம்.

வெளியிலிருந்து உள்ளே வரும் வழியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரூட்டரில், விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் வசதிக்கான 3389 என்ற எண்ணுள்ள கதவைத் திறந்து விட்டால் போதும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த எண்ணைத் தேடி உலகம் முழுக்க இருந்து தட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2019 மே மாதம் அந்த ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட அவசரமாகத் திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது. நான் டெயில்ஸ்கேல் வழியாகத்தான் நுழைகிறேன். வயர்கார்டு என்ற பூட்டிய தனிவழி முறையில் இயங்கும் மென்பொருள் அது. என் கைபேசி, அந்த போர்டு, கணினி மூன்றும் மட்டும் ஒன்றையொன்று பார்க்கும், வெளியார் யாருக்கும் கதவு இருப்பதே தெரியாது. என்னை நம்பிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டையும் கொடுத்திருக்கிறவர்களுக்கு நான் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது. தூங்கும் கணினிக்குள் ராத்திரி யாரும் உள்ளே நுழைந்து கிளற முடியாது என்பதும் இந்த முறையில் எனக்குப் பெரிய நிம்மதி. விடிய விடிய ஓடும் கணினிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும், யு.பி.எஸ். அவ்வளவு நேரம் தாங்காது. மின்சாரம் முழுக்க நின்று வந்த பிறகு, சில கணினிகளில் ஒரு முறை விண்டோஸ் ஏறி இறங்கும் வரை நெட்வொர்க் கார்டு மேஜிக் பேக்கெட்டைக் கேட்பதே இல்லை. என் கணினியும் அந்த வகைதான். அதற்குப் பயாஸிலேயே மருந்து இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகட்டும் என்று ஒரு அமைப்பு உண்டு. அதைப் போட்டு, விண்டோஸில் இருபது நிமிடம் சும்மா இருந்தால் தூங்கிவிடும்படி வைத்துவிட்டேன். கரண்ட் வந்ததும் தானே எழும், யாரும் இல்லை என்று பார்த்துத் தானே தூங்கும், அதன் பிறகு கூப்பிட்டால் வரும். மேசைக் கணினிகளில் ஹைபிரிட் ஸ்லீப் என்று ஒன்று இருக்கிறது. தூங்குவதற்கு முன் நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கிலும் எழுதிவைத்துவிடும். அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் தூக்கத்தின் நடுவே கரண்ட் போனாலும் திறந்து வைத்த வேலை வீணாகாது.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும், இப்போது வருகிற கையளவு மினி கணினி வைத்திருப்பவர்களுக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை, அவை சும்மா இருக்கும்போது இழுப்பது பத்து வாட்டைச் சுற்றித்தான். புதிதாக வாங்கப் போகிறவர்கள் அந்த மாதிரி ஒன்றை வாங்குவதே நல்லது. கண்காணிப்பு கேமரா பதிவுப் பெட்டி ஓடித்தான் ஆக வேண்டும். நான் பேசுவது, நன்றாக இருக்கும் மேசைக் கணினியைத் தூக்கிப்போட மனமும் வசதியும் இல்லாதவர்களைப் பற்றி. கணக்கை எல்லாம் கிளவுடில் ஏற்றிவிடலாமே என்பார்கள். மாத வாடகை ஒரு பக்கம் இருக்கட்டும். தங்கள் கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையை என்னிடம் வரும் பெரியவர்கள் பலர் விரும்புவதில்லை. அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன்.

ஒரு வீட்டின் 49 யூனிட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்கலாம். 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. கோடை ராத்திரியில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் நேரத்தில் சூரிய மின்சாரம் கிடையாது; ஆடிக்காற்றும் இன்னும் தொடங்கியிருக்காது. அப்போது கூடுதலாக இழுக்கும் மின்சாரத்துக்கு நிலக்கரியைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் என் ஒரு கணினி தூங்குவதால் ஆண்டுக்கு 200 கிலோ குறைகிறது. யாருக்கும் பயன்படாமல் வெறுமனே சூடாகிக்கொண்டிருந்த ஒரு பெட்டியிலிருந்து இவ்வளவு. யாருடைய வேலையும் இதனால் நிற்கவில்லை, யாரும் வியர்வையில் புழுங்கவும் இல்லை. ஏ.சி.யைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வயதானவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

உங்கள் நாளிதழ் மூலமாக மூன்று தரப்பினரிடம் கேட்டுக்கொள்கிறேன். கணினி அசெம்பிள் செய்து கொடுப்பவர்களும் சர்வீஸ் செய்கிறவர்களும், ரிமோட் மென்பொருள் போடச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், ஆன்லேயே விடுங்கள் என்று சொல்வதற்குப் பதிலாக இந்த அமைப்பையும் போட்டுக் கொடுங்கள். மேக் முகவரியை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கேட்டாலும் தவறில்லை, நான் கொடுப்பேன், என்னைப் போன்றவர்களும் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு டிசம்பர் 14 அன்றும் தேசிய மின் சிக்கன நாள் வருகிறது. அந்த வாரத்தில் பேரணி, கோலப்போட்டி, துண்டுப்பிரசுரம் எல்லாம் நடக்கிறது. அந்தத் துண்டுப்பிரசுரத்தில் கணினிக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள் என்று மின்வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மானிட்டரை அணைப்பது கணினியை அணைப்பது ஆகாது என்று ஒரு வரி. தூங்கும் கணினியை வெளியிலிருந்து எழுப்பலாம் என்று இன்னொரு வரி.

இணைய இணைப்பு தருகிறவர்களிடம் கேட்பது கொஞ்சம் பெரியது. நீங்கள் கொடுக்கும் ரூட்டர் எங்கள் வீட்டில் நாள் முழுவதும் விழித்துத்தான் இருக்கிறது. வீட்டில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்பதும் அதற்குத் தெரியும். உங்கள் செயலியில் வைஃபை பாஸ்வேர்டு மாற்ற ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். அதன் பக்கத்தில் கணினியை எழுப்பு என்று இன்னொரு பொத்தான் வைத்தால் என்னைப் போன்ற வாடிக்கையாளர்கள் தனியாக போர்டு வாங்க வேண்டாம், கட்டளை எழுதத் தெரிந்த தம்பி மகனும் வேண்டாம். 102 பைட்டை வீட்டுக்குள் அனுப்புவது உங்கள் ரூட்டருக்கு ஒரு வேலையே இல்லை. தயவுசெய்து செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர், வாசகி
கரூர்